பல் தெரியாத சிரிப்பு

மனித உருவங்களை வரைவது என் தொழில். அதிலும் பெண் உருவம் என்றால் தூரிகை மட்டும்தான் நம்முடையது, யோசனை ஊருக்கே சொந்தம். என்னைப் போல வரைந்து மாட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

நனைந்த சேலை

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் வரவேற்பறைச் சுவருக்குப் படம் கேட்டார். அருவியில் ஒரு பெண் குளிக்க வேண்டும். குடும்பங்கள் வந்து தங்குகிற இடமாம், ரொம்ப டீசன்டாக இருக்க வேண்டுமாம். சேலை மட்டும் நன்றாக நனைந்திருக்க வேண்டுமாம்.

"அண்ணாச்சி, பொம்பளைங்க பக்கம் எல்லாரும் நைட்டிய போட்டு, மேல ஒரு துண்டும் போட்டுத்தான் குளிக்காங்க. நான் அதைத்தான் வரைவேன்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"நைட்டிய வீட்லயே பாக்கேன், சுவத்துலயும் பாக்கணுமா?"

ஒரே ஒரு ஆசை

தென்காசியில் எங்கள் தெருவில் பீடி சுற்றும் பேச்சி மாடலாக உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரே ஆசை: படத்தில் வாயைத் திறந்து சிரிக்க வேண்டும். கல்யாணத்தில் போட்டோக்காரர் வாயை மூடச் சொன்னாராம். அதற்குப் பிறகு அந்த வேலையை மாமியார் எடுத்துக்கொண்டாராம். அப்படியானால் எங்கேதான் சிரிப்பாய் என்று கேட்டேன்.

"அருவிக்கு அடியில நின்னுதான்க்கா. தண்ணிச் சத்தத்துல யாருக்கும் கேக்காதுல்லா?"

எது கலை

படத்தைப் பார்த்த அண்ணாச்சி நைட்டியைக்கூட மன்னித்துவிட்டார், வாயை மன்னிக்கவில்லை. "பல்லு தெரியாம சிரிக்க வைங்கம்மா" என்றார். பேச்சி சொன்னதைக் கேட்ட பிறகு அந்த வாயை மூட எனக்கு மனசு வருமா? முடியாது என்றேன்.

அதே வரவேற்பறையின் எதிர்ச் சுவரில் வேறொருவர் வரைந்த படம் வருஷக்கணக்காகத் தொங்குகிறது. கோவணத்தோடு மல்லாந்து கிடக்கும் ஆண்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறார்கள். அதில் ஒருவருக்கு எல்லாப் பல்லும் தெரிகிறது. அதைக் காட்டினேன்.

"அது நம்மூரு பண்பாடுல்லாம்மா!"

பெண்கள் பக்கம்

கடைசியில் சமாதானம் ஆனது: படம் மாறாது, இடம் மாறும். அருவியில் இருப்பது போல லாட்ஜிலும் ஒரு பெண்கள் பக்கத்தைக் கண்டுபிடித்து, அவர்கள் உடை மாற்றும் அறைக்குப் போகிற நடையில் மாட்டிவிட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பேச்சியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். தன்னை அத்தனை பெரிதாகப் பார்த்ததும் அவள் சிரித்தாள் பாருங்கள், நடையே அதிர்ந்தது. அண்ணாச்சி ஓடி வந்தார். "ஏம்மா, மெதுவா! ரிசப்ஷன் வரைக்கும் கேக்குது." பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வாயை மூடவில்லை.

"கேக்கட்டும் அண்ணாச்சி."

ஆக, வரவேற்பறையில் மாட்ட முடியாத படம் இப்போது வரவேற்பறை வரைக்கும் கேட்கிறது.