நாயின் காதுக்குள் முடி

எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். சொல்லட்டும். என் அண்ணனிடம் கத்திக் கத்தி நீண்ட வாய் இது. சங்கு குளிக்கப் போய், ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் இரண்டு காதையும் கெடுத்துக்கொண்டவன் அவன். காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் ஏதோ கொஞ்சம் விழும். கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. கடற்கரைப் பக்கம் தனி வீடு, துணைக்கு ஒரு சடைநாய்.

துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு குடும்பம் மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போன நாய் அது. காதுக்குள் பஞ்சு அடைத்த மாதிரி முடி. வந்த கொஞ்ச நாளிலேயே அண்ணனுக்கு அதுதான் காது. யாராவது கதவைத் தட்டினால் ஓடிப்போய் அவன் கைலியைப் பல்லால் பிடித்து இழுக்கும். குக்கர் விசில் அடித்தாலும் இழுக்கும். அதற்கு முன்பெல்லாம் நான் தட்டிச் சலித்து, சந்து வழியாகப் போய் ஜன்னலில் கையை ஆட்டித்தான் உள்ளே போவேன். விழுந்து கிடக்கிறானோ, மூச்சு நின்று கிடக்கிறானோ என்று ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டேதான் எட்டிப் பார்ப்பேன். நாய் வந்த பிறகுதான் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

மகளின் பேறுகாலத்துக்காக நான் திருச்செந்தூர் போயிருந்த சமயம், அண்ணன் போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறான். ஒரு பெண் நாயின் காதில் பவுடர் தூவி முடியைப் பிடுங்குகிறாள். எந்த நாய்க்குப் பிடுங்கலாம், எதற்குக் கூடாது என்று அவள் சொல்லியிருப்பாளோ என்னவோ, இவனுக்கு எங்கே கேட்கிறது? கை செய்ததை மட்டும் பார்த்துக்கொண்டான்.

நான் திரும்பி வந்து கதவைத் தட்டினேன். குரைப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. ஜன்னலில் கையை ஆட்டி உள்ளே போனால், வீடெல்லாம் ஒரு நாற்றம். நாயின் இரண்டு காதிலும் சீழ். தலையைச் சாய்த்துச் சாய்த்து உதறுகிறது, ஈனக்குரலில் முனகுகிறது.

"மாதாவே! என்னண்ணே பண்ணி வச்சிருக்க?" என்று அவன் காதோடு கத்தினேன்.

"காதுக்குள்ள இம்புட்டு முடி இருந்தா தண்ணி தங்கிரும்லா? பொறவு என்னிய மாதிரி ஆயிரும். அதான் முள்ளு எடுக்க சாமணத்தால புடுங்கி எடுத்துட்டு, பூண்டு போட்டு எண்ண காச்சி ஊத்துனேன். பாரு, எப்படி ஒதறுது! உள்ள கெடந்த தண்ணி எறங்குது."

சந்தோஷமாகத்தான் சொன்னான். கடலிலிருந்து வள்ளத்தில் ஏறும் சங்குகுளிகள் அப்படித்தான் தலையைச் சாய்த்து உதறிக் காதுத் தண்ணீரை இறக்குவார்கள். காது அடைத்தால் அவர்களுக்குப் பூண்டெண்ணெய்தான் மருந்து. வலி தாங்காமல் உதறிய நாயைப் பார்த்து இவன் குணமாகிறது என்று நினைத்திருக்கிறான். முனகியதுதான் இவனுக்குக் கேட்கவில்லையே. பாவி, உன்னை நான் என்னவென்று திட்ட?

ஆட்டோ பிடித்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டரம்மா விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு என்னைத்தான் ஏசினாள்.

"எல்லா நாய்க்கும் காது முடிய எடுக்கணும்னு யாரும்மா சொன்னா? முடி அடைச்சு அடிக்கடி புண்ணு வைக்கிற நாய்க்குத்தான் எடுப்போம், அதுவும் பார்த்துட்டு. நல்ல காதுல பிடுங்குனா அதுவே புண்ணாயிரும். மேல எண்ணெய வேற ஊத்தியிருக்கீங்க. புண்ணு ஆறிரும். ஆனா சீழ் உள்காது வரைக்கும் போயிருச்சு, ரெண்டு காதும் இனிமே கேக்காதும்மா."

"டாக்டரம்மா என்ன சொல்லுதாவ?" என்று அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். நாய் அவன் மடியில் கிடந்தது.

அங்கே இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, அவள் சொன்னதையெல்லாம் அவன் காதில் கத்தினேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

"அடச்சிருக்கு, ஏளா. தண்ணி எறங்கிட்டுன்னா தெறந்துரும்."

தன் காதைப் பற்றியும் இத்தனை வருஷமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

புண் ஆறிவிட்டது. காதில் முடியும் மறுபடி முளைத்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, மீன்குழம்பு எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் தட்டினேன். உள்ளங்கையால் தட்டி, கை முட்டியால் இடித்து, கடைசியில் பழையபடி சந்துக்குள் போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அண்ணன் நாற்காலியில் இருந்தான். நாய் அவன் காலடியில் இருந்தது. நான் வருகிற நாள் என்று தெரியுமல்லவா, இரண்டு பேரும் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கையை ஆட்டினேன். எழுந்து வந்து திறந்தான்.

"ஏளா, கதவத் தட்டக் கூடாதா? தட்டிருந்தா இது வந்து இழுத்திருக்குமே."

முட்டி சிவந்து எரிந்தது. கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"இல்லண்ணே, தட்டல" என்று அவன் காதில் கத்தினேன்.