அக்காவின் வெள்ளைக் குவியல்

என் அக்கா பளிங்குக்கல் அறுப்பவள். சமையல் மேடையோ படிக்கல்லோ, அவள் மெஷினுக்கு எல்லாம் வெண்ணெய்தான். நான் கல் தூக்குகிறவன், அவ்வளவே. தெருவில் அவளுக்குப் பெயர் மாவு மில். காலையில் கருந்தலையோடு போகிறவள் மாலையில் நரைத்த தலையோடு திரும்புவாள். வாய் மட்டும் மெஷினைவிடக் கூர்.

அறுத்த தூள் பட்டறைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. காற்றடித்தால் எதிர்க்கடைத் தையல்காரர் தைத்த கறுப்புக் கோட்டெல்லாம் வெள்ளை. தெருச் சங்கத் தலைவரும் அவர்தான். "இந்த மாசத்தோட குவியலும் போகணும், பட்டறையும் போகணும்" என்று சொல்லிவிட்டார். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "வேற இடம் எவன்டா தருவான் நமக்கு?" என்றாள் என்னிடம்.

மறுவாரம் ஒரு பகலில் பேட்டரிக் கடைக்காரன் அலறிக்கொண்டு வந்தான். "அக்கா, ஆசிட் டிரம் சாஞ்சிருச்சு! வாய்க்கால்ல கிணத்துப் பக்கம் ஓடுது!"

தெருவே குடிப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீரை. கிணற்றை ஒட்டின இடத்தில் வாய்க்காலில் விரிசல் வேறு. பளிங்கு பட்டால் ஆசிட் நுரைத்து வீரியம் தணியும் என்பது கல் வேலைக்காரர்கள் அறிந்ததுதான். விரிசலுக்கு முன்னால் மண்மூட்டை போட்டு மறித்தோம். உடைந்த கல் துண்டுகளைக் கூடை கூடையாய்க் கொட்டினோம். சீறியது. சற்று நேரத்தில் நுரை நின்றது.

"அடங்கிருச்சு!" என்று கைதட்டினார் தையல்காரர்.

அக்கா குனிந்து பார்த்தாள். கற்களின் மேல் வெள்ளைப் படலம் கட்டியிருந்தது. குனிந்தவள் முந்தானையிலிருந்து தூள் உதிர்ந்தது. உதிர்ந்த இடமெல்லாம் குபுகுபுவென்று நுரைத்தது.

"ஆசிட் அடங்கலைய்யா, கல்லுதான் அடங்கிப்போச்சு. டேய், பின்னாடி கிடக்கிற தூளை அள்ளு!"

"ரெண்டும் ஒரே கல்லுதானேக்கா?"

"முழுக்கல்லுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான்டா வாய். படலம் கட்டினா மூடிக்கும். அரைச்சுட்டா உடம்பெல்லாம் வாய்."

"உன்னை மாதிரின்னு சொல்லும்மா" என்றார் தையல்காரர்.

"பேச்சு அப்புறம். கூடையைத் தூக்குங்க!"

மண்மூட்டை கசியத் தொடங்கியிருந்தது. தெருவே வரிசையில் நின்று கூடை மாற்றியது. தூள் விழ விழ வாய்க்கால் பால்பானை போலப் பொங்கி வழிந்தது. நாங்கள் விடாமல் கொட்டினோம். கடைசியில் கொட்டிய தூள் நுரைக்காமல், நனைந்த மாவாகப் படுத்துக் கிடந்தது. அக்கா இன்னொரு பிடி தூவிப் பார்த்தாள். அசைவில்லை. அப்போது தெருவே அடித்த விசில் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கிணறு தப்பியது.

பட்டறைக்குப் பின்னால் வெறும் தரை. தையல்காரர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"குவியல் போயிடுச்சு. சங்கம் சொன்னதுல பாதி நடந்தாச்சு."

"மீதி?" அக்கா இடுப்பில் கை வைத்தாள்.

"மீதியை எவனாவது பேசினா வாயைத் தைச்சிடுவேன். தூளை மட்டும் இனிமே மூட்டையில கட்டி வையும்மா."

"முதல் ரெண்டு மூட்டை எனக்கு" என்றான் பேட்டரிக் கடைக்காரன்.

அன்று மாலையே மெஷின் ஓடியது. எதிர்க்கடையில் ஒரு கறுப்புக் கோட்டில் தூள் படிந்தது. அவர் தட்டிவிட்டுத் தைத்தார்.