ஜெயித்த ராஜா ஊர் திரும்பினார்

எலும்பு முறிந்தால்தான் எங்கள் உறவு பலருக்கு ஞாபகம் வரும். புத்தூரில் வீடு இருப்பதன் பெருமையும் தொல்லையும் அதுதான். கல்யாணப் பத்திரிகை வைக்க மறந்தவர்கள்கூட, கை பிசகினாலோ கால் முறிந்தாலோ நேராக எங்கள் வாசலில் ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். கட்டுப் போடும் இடத்துக்கு நைனா அழைத்துப் போவார். முட்டையும் பச்சிலையும் மணக்கத் திரும்பி வருகிறவர்களுக்கு அம்மா சோறு போடுவார். அவர்கள் படுத்தபடி சொல்லும் கதைகளைக் கேட்பதற்கு என்னைத் தவிர வீட்டில் ஆள் கிடையாது.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் சத்தியவேட்டுப் பெரியப்பா. கரும்பு லாரியிலிருந்து குதித்துக் காலை ஒடித்துக்கொண்டிருந்தார். அந்த வயதில் ஏன் குதித்தார் என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் வரும். இன்னொருவர் என் மாமா, அம்மாவின் தம்பி. ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தார். பைக் சறுக்கி விழுந்ததில் வலது கை முறிந்திருந்தது.

மாமா தனியாக வந்ததுதான் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத சங்கதி. அத்தை முதல் பிரசவத்துக்கு ஏர்பேட்டில் உள்ள தாய் வீட்டுக்குப் போயிருந்தார். குழந்தை இறந்தே பிறந்தது. அன்று மாமா பட்டறையில் நைட் ஷிஃப்டில் இருந்ததால் விஷயம் அவருக்கு மறுநாள்தான் தெரிந்தது. அவர் ஏர்பேடு போய்ச் சேர்ந்தபோது அடக்கம்கூட முடிந்துவிட்டது. வாசலில் வைத்து மாமனார் சுருக்கென்று ஒரு வார்த்தை சொன்னார். அத்தையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் மாமா அப்படியே திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு இவர் போகவில்லை, அத்தையும் வரவில்லை. மாதங்கள் ஓடிவிட்டன. இதையெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குச் சொல்லியிருந்தது, அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும்தான்.

எங்களிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. திருப்பதியில் இழுத்து மூடப்பட்ட ஒரு நெட் சென்டரிலிருந்து மாமாதான் முன்பு வாங்கிக் கொடுத்தார். பின்பக்கம் குடம் மாதிரி புடைத்த பழைய மானிட்டர். பெண்ணின் படிப்புக்காக என்று நைனா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதிலோ படிப்புக்கு உதவுகிற எதுவும் கிடையாது. நெட் சென்டருக்கு வந்த யாரோ போட்டு வைத்துவிட்டுப் போன ஒரு பழைய கேம் மட்டும் இருந்தது. கட்டம் கட்டமான மலைகள், எறும்பு அளவுக்குச் சிப்பாய்கள். ஒரு ராஜா தன் கோட்டையிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு ஊராகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கிளம்பும்போது கோட்டை வாசலில் பச்சைப் பாவாடை கட்டிய ராணி நின்று கையசைப்பாள்.

மாமாவுக்கு அந்த விளையாட்டு நன்றாக வரும். ஆனால் வலது கை மூங்கில் தப்பைகளுக்கு நடுவே கிடந்தது. ஆகவே நான் அவருடைய கையானேன். மவுஸ் என்னிடம், மூளை அவரிடம்.

"பாப்பா, குதிரைங்களை மேட்டுல ஏத்து. வில்லுக்காரங்களைப் பின்னால நிக்க வை. அவசரப்படாத, அவன் எறங்கி வரட்டும்" என்பார். அதற்குள் நான் குதிரைகளை ஆற்றில் இறக்கியிருப்பேன். கட்டிலில் படுத்திருக்கும் பெரியப்பா, கேம் என்றால் என்னவென்றே தெரியாமல் இரண்டு பேருக்கும் யோசனை சொல்வார். கரண்ட் போனால் மூவரும் சேர்ந்து மின்சார ஆபீஸைத் திட்டுவோம். காலையில் எழுந்ததும் பெரியப்பா கால் வலியைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டு, ராஜா எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்க ஆரம்பித்தார். வந்த நாளிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்த மாமாவும் கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அம்மா என்னை மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லாமல் விட்டார்.

ஒருநாள் மதியம் கடைசி எதிரியையும் ஜெயித்துவிட்டோம். பெரியப்பா படுத்தபடியே கைதட்டினார். திரையில் பழைய கோட்டை வந்தது. ராஜாவின் குதிரையை நாமே நகர்த்தி வாசலுக்குள் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனேன். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. பாட்டு நின்றுவிட்டது. இங்கிலீஷில் ஏதோ எழுத்துகள் மெல்ல மெல்ல வந்தன. நான் படித்தது தெலுங்கு மீடியம். எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் வரிகள் மேலே போய்விட்டன.

"இன்னா மாமா போட்டுக்கீறான்?"

மாமாதான் படித்துச் சொன்னார். "ராணி செத்துட்டாளாம் பாப்பா. காத்துக்கினே இருந்து செத்துட்டாளாம்."

அந்த முடிவு எங்கள் வீட்டில் உண்டாக்கிய கலவரம் ஒரு சாவு வீட்டுக்குக் குறையாதது. பெரியப்பா எழுந்து உட்காரப் பார்த்து, கால் இழுக்க, வலியோடு கத்தினார். "இத்தினி சண்டை போட்டு இன்னாத்துக்கு? மந்திரின்னு ஒருத்தன் இருந்திருப்பானே, அவன் இன்னா பண்ணிக்கினு இருந்தான்?" மாலையில் கழனியிலிருந்து வந்த நைனா முழுக் கதையையும் கேட்டுவிட்டு, ஜெயித்த ராஜாவுக்குப் பெண் கொடுக்க ஆளா இல்லை, இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள்ளட்டுமே என்று சாதாரணமாகச் சொன்னார். சமையல்கட்டில் ஒரு சொம்பு தானாக விழாத வேகத்தில் விழுந்தது. நைனா சட்டென்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அம்மா வெளியே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. அணைந்து கிடந்த கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் பேசினார்.

"அத்தனை சேனையை வச்சிக்கினு இருந்தான் இல்ல? அதுல ஒருத்தனை வூட்டுக்கு அனுப்பி, அவ எப்பிடி இருக்கா, துன்னாளா தூங்கினாளான்னு கேக்கத் தோணலியா அவனுக்கு?"

ராஜாவை அப்படிக் குறை சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த கேம்ல அப்பிடி ஆள் அனுப்ப முடியாதும்மா. அதுக்குப் பட்டனே கெடையாது" என்றேன். மாமா எழுந்து கிணற்றுப் பக்கம் போனார். விளக்கு வைத்த பிறகுதான் திரும்பினார். அம்மா போட்ட சோற்றை இடது கையில் ஸ்பூனால் அளைந்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார்.

மாமாவின் வருத்தத்துக்குக் காரணம் நான்தான் என்று எனக்குப் பட்டது. ஆற்றங்கரையில் நான் வீணாக்கிய நாட்கள் எத்தனை! வருடக் கணக்கு திரையின் மேல் மூலையில் ஓடிக்கொண்டே இருந்ததே. சீக்கிரம் ஜெயித்திருந்தால் ராஜா சீக்கிரம் திரும்பியிருப்பார், ராணியும் உயிரோடு இருந்திருப்பாள். மறுநாளே முதலிலிருந்து ஆரம்பித்தேன். ராணி பிழைத்தால் என் முடியைத் தருகிறேன் என்று ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டேன். பள்ளிக்கூடம் திறந்ததும் மொட்டைத் தலையோடு போக வேண்டுமே என்ற நினைவு வந்ததும், மொட்டை வேண்டாம், மூணு கத்தரி முடி மட்டும் கொடுக்கிறேன் என்று அவசரமாகப் பேரத்தைக் குறைத்தேன்.

சோறு தண்ணீர் பார்க்காமல் விளையாடினேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். முன்பு ஆன காலத்தில் பாதிகூட ஆகாமல் ஜெயித்தேன். ராஜா கோட்டைக்கு வந்தார். கதவு திறந்தே கிடந்தது. அதே எழுத்துகள். நான் ஓவென்று அழுதுவிட்டேன். பெரியப்பா சாமியைத் திட்ட ஆரம்பித்தார்.

"சீக்கிரம் வந்தாலும் இப்பிடித்தானா?" என்றார் மாமா.

"எப்ப வந்தாலும் இப்பிடித்தான் மாமா."

"அப்போ உள்ள போவாம வெளியிலயே நின்னுட்டா?"

அதையும் நான் செய்து பார்த்திருந்தேன். அந்தக் காலியான கோட்டையைப் பார்க்கப் பயந்து, ஒருமுறை குதிரையை வாசலுக்கு எதிரிலேயே நிறுத்திவிட்டு, மோர் குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் குதிரை அங்கேயே வாலாட்டிக்கொண்டு நின்றது.

"நின்னுக்கினே இருப்பாரு மாமா. ஒண்ணும் ஆவாது. உள்ள போனாத்தான் முடியும்."

மாமா என் கண்ணைத் துடைத்துவிட்டார். இடது கை பழக்கமில்லாததால் மூக்கில் இடித்தது.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அவர் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சட்டை கட்டின் மேல் ஏறாததால், நைனாவின் பெரிய சட்டையை அம்மா மாட்டிவிட்டு, குழந்தைக்குப் போடுவதுபோல் ஒவ்வொரு பித்தானாகப் போட்டுக்கொண்டிருந்தார். ரேணிகுண்டா போய் அங்கிருந்து ஏர்பேட்டுக்குப் பஸ் மாற வேண்டும், கூட்டத்தில் கையை இடித்துக்கொள்ளாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. ரேணிகுண்டா என்றதும் எனக்குத் திருப்பதி போகும் வழிதான் ஞாபகம் வந்தது. நல்ல முடிவு உள்ள வேறு சிடி வாங்கத்தான் மாமா போகிறார் என்று நிச்சயமாக நம்பினேன். பெரியப்பாவிடமும் அதைச் சொன்னேன். அவர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து மாமா வந்தார். சிடி இல்லை, கூட அத்தை வந்திருந்தார். மிகவும் இளைத்திருந்தார். அம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். உடம்பு சரியாகித் திரும்பி வந்தவரைப் பார்த்து அழுவானேன் என்று எனக்குப் புரியவில்லை. அழுகையை நிறுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி கம்ப்யூட்டர்தான். அத்தையின் கையைப் பிடித்து இழுத்துப் போய் உட்கார வைத்தேன். நானும் மாமாவும் ஜெயித்ததைக் காட்டுகிறேன் என்றேன்.

"ஏய், அது வேணாம், சும்மா இரு! அவளே இப்பத்தான் வந்துகீறா" என்று அம்மா பதறினார். பெரியப்பா கட்டிலிலிருந்து கையை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டினார். மாமா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. இவர்களுக்கெல்லாம் என்ன வந்தது என்று நினைத்தபடி குதிரையை வாசலுக்குள் நகர்த்தினேன்.

அத்தை திருப்பதியில் டிகிரி படித்தவர். யாரும் சொல்லத் தேவையில்லாமல் கடைசி எழுத்து வரை தானே படித்தார்.

"ராஜா வந்தாரு இல்ல?" என்று மெல்லக் கேட்டார்.

"வந்து இன்னா அத்தை பிரயோஜனம்? அதான் யாருமே இல்லியே."

"பரவால்ல. வந்தாரு இல்ல."

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மாமா வந்து அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தார். அத்தை மாமாவின் கட்டுப் போட்ட கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அம்மா சமையல்கட்டுக்குப் போய்விட்டார். பெரியப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அத்தையின் தோளைத் தட்டிக்கொடுத்து, "அழாத அத்தை, இதெல்லாம் நெஜம் இல்ல, சும்மா கேம்" என்று ஆறுதல் சொன்னேன். இத்தனை பெரியவர்கள் இருக்கும் வீட்டில் விளையாட்டு எது, நிஜம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அன்று எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.