ஐந்தாவது கணக்கில் இருந்த பிழை

சபையாரே, வியாதி நீங்கியதையும் விபத்தில் தப்பியதையும் பலர் இங்கே சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் சொல்லப் போவது அப்படிப்பட்டதல்ல. 1991ஆம் வருஷம் நவம்பர் மாதம், பத்து நாட்கள் எனக்கு அழுகை வரவில்லை, பசி தெரியவில்லை, ஜெபமும் வரவில்லை. முழங்கால் போடுவேன், ஆமென் சொல்வேன், எழுந்துவிடுவேன். நடுவில் ஒன்றும் இருக்காது.

அப்போது நான் ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சர். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நீதிபோதனையும் நான்தான் எடுத்தேன். கணவருக்கு மறைமலை நகரில் ஷிப்ட் வேலை. ஒரே மகள் எஸ்தர் என் வகுப்பிலேயே படித்தாள். வளர்த்தால் எஸ்தரைப் போல வளர்க்க வேண்டும் என்று சபையில் சொல்வார்கள். அதைக் கேட்டு எனக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு. மறைக்க மாட்டேன்.

இடைப்பருவத் தேர்வுக் கேள்விகளை நான் வீட்டில் உட்கார்ந்து ஸ்டென்சில் தாளில் எழுதுவேன். அதைப் பள்ளியில் சைக்ளோஸ்டைல் மிஷினில் போட்டு ஓட்டுவார்கள். அந்தத் தடவை ஐந்தாவது கணக்கில் 18 என்று எழுத வேண்டிய இடத்தில் 81 என்று எழுதிவிட்டேன். மறுநாள் பள்ளிக்குப் போன பிறகுதான் கண்ணில் பட்டது. திருத்தும் மை பூசிச் சரிசெய்து கொடுத்தேன்.

தேர்வன்று கலா என்ற பெண்ணின் ஜாமெட்ரி பாக்ஸில் ஒரு பிட் அகப்பட்டது. கேள்விகளும் விடைகளும் வரிசையாக இருந்தன. அவள் கையெழுத்துதான். கலாவுக்கு அப்பா இல்லை. அம்மா முனியம்மா களை எடுக்கப் போகிறவள்.

"யாருடி குடுத்தா?" என்றேன். கலா வாயே திறக்கவில்லை. நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"உங்க வீட்ல நல்லது கெட்டது எதுவுமே சொல்லித்தர மாட்டாங்களா?" என்று கேட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் அந்த பிட்டை மறுபடி பார்த்தேன். ஐந்தாவது கணக்கில் 81 என்று இருந்தது. அச்சான கேள்வித்தாளில் அந்த எண் கிடையாது. ஸ்டென்சில் தாள் என் வீட்டு மேஜைமேல் கிடந்த அந்த ஒரே ஒரு நாள்தான் அது 81. வீட்டில் இருந்தது நான், என் கணவர், எஸ்தர். என் கணவருக்குக் கணக்கென்றாலே காத தூரம்.

பிட்டை மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சாம்பார் வைத்தேன். எஸ்தர் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளே என்ற பயம். அன்றிலிருந்துதான் உள்ளே எல்லாம் மரத்துப்போனது. வெள்ளிக்கிழமை நீதிபோதனையில் உண்மை பேசுவதைப் பற்றிப் பாடம் எடுத்தேன். குரல்கூட நடுங்கவில்லை.

எட்டாம் நாள் முனியம்மா பள்ளிக்கு வந்தாள். சண்டை போடவில்லை. மழையில் நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே பேசினாள்.

"டீச்சர், கலா இனிமே வராது. மெட்ராஸ்ல ஒரு வூட்டு வேலை கீது. ஞாயித்துக்கெழம பன்னண்டு மணி பஸ்ல இட்டுக்கினு போறேன். எனுக்குப் படிப்பு இல்ல, நீங்க நல்லது சொல்லித் தருவீங்கன்னுதான் அனுப்பினேன். நீங்க எங்க வூட்டுல சொல்லித் தரலயான்னு கேக்கறீங்க."

"சரிம்மா" என்றேன். கல்லைப் போல உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. பத்து நாளாக வெறும் ஆமென் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றரை. 'ஆண்டவரே, எல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு வாய் வரவில்லை. நீரே திறந்துவிடும். அதுவரை அந்த பஸ்ஸை நிறுத்தி வையும்.' இவ்வளவுதான் ஜெபம். பிரசங்கத்தின் நடுவிலேயே எஸ்தர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"எஸ்தர், அந்தப் பிட் நம்ம வீட்லேர்ந்து போனது. எனக்குத் தெரியும்."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "எப்பலேர்ந்து தெரியும்?"

"அன்னிக்கே."

"அன்னிக்கேவா? ஏம்மா என்னைக் கேக்கல? நீங்க கேப்பீங்கன்னு தினமும் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்று அழ ஆரம்பித்தாள். "இந்த வாட்டியும் ஃபெயிலானா படிப்ப நிறுத்திடுவாங்கன்னு கலா சொன்னாம்மா. உங்க மேஜைமேல இருந்ததப் பாத்து நான் சொல்லச் சொல்ல அவ எழுதிக்கிட்டா. என் பேரைச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தா."

நாற்பது பேர் நடுவில் நிற்க வைத்தும் கலா அந்த வார்த்தையைக் காப்பாற்றியிருக்கிறாள். அவள் வீட்டைத்தான், ஒன்றும் சொல்லித்தர மாட்டார்களா என்று நான் கேட்டிருந்தேன்.

பஸ் நிற்கும் கூட்ரோடு முனைக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டே முக்கால். நம்பிக்கை இல்லாமல்தான் நடந்தேன். ஆனால் கலாவும் முனியம்மாவும் ஒரு துணிப்பையோடு டீக்கடைக் கூரையடியில் உட்கார்ந்திருந்தார்கள். வாலாஜாபாத் பக்கம் ஏரித் தண்ணீர் ரோட்டில் ஏறி பஸ் வரவில்லையாம். மழையென்றால் பஸ் நிற்பது அந்தப் பக்கம் வழக்கம்தான் என்று சிலர் சொல்லலாம். சொல்லட்டும். நான் கேட்டதும் அவர் கொடுத்ததும் எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் சொன்னேன். எஸ்தரும் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். முனியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இங்க யாரும் இல்லாத எடத்துல சொன்னா இன்னா டீச்சர்? அத்தினி பசங்க எதிர்ல கேட்டீங்க. அத்தினி பசங்க எதிர்ல சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

அது ஒன்று மட்டும் வேண்டாம் என்றுதான் மனது கெஞ்சியது. ஆனால் நான் கேட்ட ஜெபமே வாயைத் திறந்துவிடும் என்பதுதானே.

திங்கட்கிழமை முதலில் ஹெட்மாஸ்டரிடம் சொன்னேன். பிறகு வகுப்பில், நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று சொன்னேன். என் மகள் செய்ததைச் சொன்னேன். தெரிந்தும் வாய் மூடிக்கொண்டு கலாவைப் பலி கொடுத்ததைச் சொன்னேன். பதினோராம் நாள் எனக்கு அழுகை வந்தது. வலித்தது. அந்த வலிக்காக ஆண்டவரை ஸ்தோத்திரிக்கிறேன். முனியம்மா அனுப்பியிருந்த கலா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

வகுப்புக்கே மறுதேர்வு வைத்தோம். எஸ்தருக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன். சபையில் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். கலா மறுதேர்விலும் ஃபெயிலானாள். ஆனாலும் முனியம்மா அவளை நிறுத்தவில்லை. சனிக்கிழமைகளில் என் வீட்டுக்குக் கணக்குப் படிக்க அனுப்பினாள். எஸ்தரும் அவளும் ஒரே பாயில் உட்கார்ந்து படித்துப் பத்தாம் வகுப்பு தேறினார்கள்.

பிள்ளைகளுக்கு நல்லது சொல்ல வேண்டியது பள்ளிக்கூடம் என்று பெற்றோர் இருக்கிறோம். வீடு என்று டீச்சர்கள் இருக்கிறோம். நான் இரண்டு இடத்திலும் இருந்தேன், இரண்டு இடத்திலும் வாய் மூடியிருந்தேன். உங்கள் பிள்ளை செய்தது தெரிந்தும் கேட்காமல் இங்கே யாராவது உட்கார்ந்திருந்தால், இந்த ஆராதனை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். பலம் கேளுங்கள், அவர் தருவார். எழுந்து போய்ப் பிள்ளையைக் கேளுங்கள். நீங்கள் கேட்பீர்கள் என்று அது காத்துக்கொண்டிருக்கிறது.