எர்மிந்தாவின் இரண்டாவது சுற்று

டிசம்பர் முடிந்து, நள்ளிரவு மணி பன்னிரண்டு அடித்துப் புது வருடம் பிறக்கும் நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்கு தெருவையும் ஒரு சுற்று சுற்றி வந்தால், அந்த வருடம் பயணம் அமையும். எங்கள் மலை ஊரில் இதை நம்பாதவர்கள்கூடச் சுற்றிவிடுவார்கள். எர்மிந்தா மட்டும் இரண்டு சுற்று சுற்றுவாள். பேராசை பிடித்தவள் என்று தெருவே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அவளோ மூச்சிரைக்கச் சுற்றி முடித்துவிட்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விடுவாள்.

என் மகளுக்கு ஞானத்தாய் அவள். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். என் மளிகைக்கடைக்கு நேர் எதிரே அவள் வீடு. விடியற்காலையில் சந்தையில் எலும்பு சூப்பு விற்பாள். குளிரில் நடுங்கிக்கொண்டு வருகிறவனுக்குக் கேட்காமலே இரண்டு உருளைக்கிழங்கு கூடப் போடுவாள். அவளுக்கு இருந்த ஒரே ஆசை, தூரத்துக் கடற்கரை நகரமான கார்த்தஹேனா. பழைய காலண்டரிலிருந்து வெட்டிய படம் ஒன்று அவள் அடுப்படியில் தொங்கும். பழைய கோட்டை மதில், அதன் மேல் வரிசையாகப் பீரங்கிகள், அப்பால் கடல். எந்த வாசல் வழியாக நுழைவது, மதிலில் எந்த மூலையில் உட்கார்ந்தால் சூரியன் தண்ணீரில் இறங்குவது தெரியும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அறுபத்திரண்டு வயதாகியும் கடலைப் பார்த்ததில்லை.

அவள் கணவர் குஸ்தோதியோ பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுத்து வரும் லாரி ஓட்டுகிறார். ஊர் முழுக்க வண்டியில் சுற்றுகிற மனிதருக்குப் பயணம் என்றாலே வேப்பங்காய். பால் லீவு போடாது என்பார். அந்த வெக்கையில் மனிதன் இருப்பானா என்பார். கடலில் என்ன இருக்கிறது, உப்புத் தண்ணீர்தானே என்பார். பிடிவாதத்தில் அவர் லாரியும் அவரும் ஒன்று. இரண்டும் ஏற்றத்தில் நின்றால் நின்றதுதான்.

இந்த வருடம் எப்படியோ இளகினார். மாதாகோயில்காரர்கள் ஜூனில் கார்த்தஹேனாவுக்குப் பஸ் பிடிப்பதாகச் சொன்னதும், பால் எடுக்கத் தம்பி மகனை ஏற்பாடு செய்தார். எர்மிந்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வழிக்குக் கோழியை எந்த இலையில் கட்டுவது, கம்பளிப் போர்வை வேண்டுமா வேண்டாமா என்று ஒரு நாளைக்கு மூன்று முறை கடைக்கு வந்து கேட்பாள். கார்த்தஹேனாவில் கம்பளியா என்று நான் திட்டினேன். கடற்காற்று குளிராதா என்று திருப்பிக் கேட்டாள்.

மே மாதக் கடைசியில், அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்க நாற்காலியில் ஏறினாள். நாற்காலி சாய்ந்தது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் கால்தான் முறிந்தது.

மாவுக்கட்டு போட்ட டாக்டர், இந்தக் கால் பழையபடி வர நாளாகும், இப்போதைக்குப் பஸ் பயணம் நினைத்தே பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். அவர்கள் இடத்தில் வேறு இருவர் போனார்கள். எர்மிந்தா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். காலண்டர் படத்தைக் கழற்றச் சொன்னாள். கழற்றி அவள் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

"அந்தப் பெட்டியையும் எடுத்துட்டுப் போயிருங்க கொமாத்ரே. என் கண்ணுல படவே கூடாது. இனிமே எனக்குக் கடலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

பெட்டியைக் கொண்டுவந்து என் கடையில் வெங்காய மூட்டைக்குப் பின்னால் போட்டேன். கோழி கட்ட அவள் வாங்கி வைத்திருந்த வாழையிலைக் கட்டைப் பார்த்தபோது, நான்தான் அழுதேன்.

அதற்கடுத்த ஞாயிறு, சந்தைக் கூட்டம் நெரியும் நேரம். குஸ்தோதியோ கம்பளிப் போர்வையும் தொப்பியுமாகக் கடைக்குள் வந்து பெட்டியைக் கேட்டார். விற்றுத் தொலைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைத் திறந்து, கையில் கொண்டுவந்திருந்த எர்மிந்தாவின் புதுச் செருப்பை உள்ளே வைத்தார். இரண்டு காலுக்கும். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தார்.

சந்தை அப்படியே திரும்பிப் பார்த்தது. இறைச்சிக் கடைக்காரன் சும்மா இருப்பானா?

"குஸ்தோதியோ ஐயா, புது வருசம் பொறந்து ஆறு மாசமாச்சு."

கோயில் மணி அப்போதுதான் மதியத்துக்கு அடித்துக்கொண்டிருந்தது.

"மணி பன்னெண்டுதானே அடிக்குது?" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

டிசம்பரில் மனைவி ஓடும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்கிற மனிதர் அவர். முகம் சிவந்து, வேர்த்து, நான்கு தெருவையும் சுற்றித் தன் வீட்டு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். எர்மிந்தாவின் கட்டிலை உள்ளே அந்த ஜன்னலோரமாகத்தான் போட்டிருந்தோம். நானும் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

அவள் எட்டிப் பார்த்தாள்.

"யாருக்காகச் சுத்துனீங்க?"

"உங்களுக்குத்தான். உங்களால இப்ப நடக்க முடியாதே."

"ஒரு சுத்துக்கு ஒரு ஆள்தான் போகலாம். நான் மட்டும் தனியாப் போயி, அந்த மதில் மேல உக்காந்து என்ன பண்ண?"

குஸ்தோதியோ பெட்டியைக் கீழே வைத்தார். நெற்றியைத் துடைக்கப் போன கை பாதியில் நின்றது.

"அப்ப நீங்க வருசாவருசம் சுத்துன அந்த ரெண்டாவது சுத்து..."

"பின்ன யாருக்கு? நீங்கதான் ஜன்னலைச் சாத்திட்டு உள்ள உக்காந்திருந்தீங்களே."

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வந்த வழியே இன்னொரு முறை புறப்பட்டார். இந்தத் தடவை இறைச்சிக் கடைக்காரன் வாயைத் திறக்கவில்லை. கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது.

அவர் முனை திரும்புகிறவரை எர்மிந்தா கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கொமாத்ரே, இழுப்பறையில அந்தப் படம் இருக்கு பாருங்க. எடுத்து மாட்டிருங்க."