கம்ப்யூட்டருக்குத் தெளித்த தீர்த்தம்

என் மகள் கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கிய நாளில், அவளுடைய புதுநன்மை விருந்தில் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் தாய்மாமா அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "உங்கம்மாகிட்ட மட்டும் செல்லைக் குடுத்துடாதம்மா, தீர்த்தம் தெளிச்சிருவா. கம்ப்யூட்டருக்கே ஞானஸ்நானம் குடுத்தவ அவ!" பந்தி முழுவதும் சிரித்தது. இதே வேடிக்கையை என் கல்யாணத்திலும் சொன்னார், வளைகாப்பிலும் சொன்னார். அப்போதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த தயிர்ப்பச்சடியை அவர் வெள்ளை வேட்டியில் கொட்டிவிடலாம் போலிருந்தது. கொட்டவில்லை. "இன்னும் கொஞ்சம் போடட்டுமா மாமா?" என்று கேட்டு இலையில்தான் போட்டேன். அதை நினைத்தால் அவர் மேல் வருவதைவிட என் மேல் கோபம் வருகிறது.

அந்த வேடிக்கைக்குள் என்ன இருந்தது என்று விருந்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தெரிந்துகொண்டிருந்தேன்.

அந்தத் தீர்த்தம் தெளித்த சம்பவம் நடந்தபோது எனக்கு எட்டு வயது. ஒரத்தநாட்டில் வாடகை வீடு. அப்பா மஸ்கட்டில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எங்கள் தெருவில் பல வீடுகளில் அப்பாக்கள் சுவரில் போட்டோவாகவும் வெள்ளிக்கிழமைகளில் போன் குரலாகவும்தான் இருந்தார்கள். அம்மா டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். எங்கள் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் ப்ராஜெக்ட் அடித்து வாங்கத் தஞ்சாவூர் வரை போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் போட்டால் என்ன என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா பணம் அனுப்பினார். கூடவே ஒரு வாக்கும் கொடுத்தார். வேலை பிடித்துக்கொண்டால், கிறிஸ்துமஸ் லீவில் வருகிறவர் திரும்பிப் போகமாட்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அது டைப் அடிக்கிற மிஷினாகத் தெரியவில்லை. அப்பாவைக் கொண்டுவரப் போகிற பெட்டியாகவே தெரிந்தது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. தஞ்சாவூரில் ஹார்டுவேர் கோர்ஸ் முடித்துவிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். சென்னைக்குப் போய்ச் சாமான்களை வாங்கி வந்து, எங்கள் கூடத்தில் பாய் விரித்துப் பரப்பினார். மதர்போர்டை மட்டும், பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக் காட்டினார்.

"நல்ல போர்டுக்கு அடையாளமே ஓட்டைதான்க்கா. எத்தனை ஓட்டை இருக்கோ அத்தனை சாமான் சொருகலாம். பொட்டியப் பாரு, எப்படி மினுக்குது! பெரிய கம்பெனி போர்டெல்லாம் வேஸ்ட்டு. பேருக்குத்தான் காசு வாங்குறான்."

"பில்லு எங்கடா? வாரண்டி எத்தனை வருசம்?"

"என்னக்கா நீ! நான்தான் வாரண்டி. நான் எங்க ஓடியா போயிடப்போறேன்?"

அம்மா சிரித்துவிட்டாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

நான் குனிந்து போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஓரமாகச் சின்னச் சின்ன உருளைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தட்டையான தலையிலும் ஒரு சிலுவை கீறியிருந்தது. இதில் எதற்குச் சிலுவை என்று கேட்டேன். "நல்ல போர்டுக்கு வைக்கிற முத்திரை அது" என்றார் மாமா. எவ்வளவு அலட்சியமாகச் சொன்னார்! நான் அதை அப்படியே நம்பினேன். சிலுவை இருக்கிற சாமான் எப்படிக் கெட்டுப்போகும்?

மூன்று மாதம்கூட ஒழுங்காக ஓடவில்லை. டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்து நிற்கும். தானாக அணைந்து தானாக எழுந்திருக்கும். வயக்காட்டில் மோட்டார் ஓடுவதால் கரண்ட் இழுக்கிறது என்று மாமா முதலில் சொன்னார். அம்மா ஸ்டெபிலைசர் வாங்கினாள். பிறகு தூசி என்றார். அம்மா தினமும் துடைத்தாள். பிறகு, ரொம்ப நேரம் ஓட்டுகிறாய் என்று அம்மாவையே சொன்னார். ஒரு மாணவனின் ப்ராஜெக்ட் முழுவதும் போய்விட்டது. அவன் எங்கள் வாசலில் நின்று அம்மாவைப் பார்த்துக் கத்தினான். அம்மா முதல் பக்கத்திலிருந்து மறுபடி அடிக்க உட்கார்ந்தாள். டிசம்பர் நெருங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் வேளாங்கண்ணித் தீர்த்தம் எப்போதும் இருக்கும், மாதா உருவத்தில் செய்த பிளாஸ்டிக் பாட்டிலில். காய்ச்சலுக்கு அதுதான், பரீட்சைக்கும் அதுதான். கழிச்சல் வந்த கோழிக்குக்கூட அம்மா தெளித்திருக்கிறாள். ஒரு சாயங்காலம் அம்மா கடைக்குப் போயிருந்தபோது, விரலில் தீர்த்தம் தொட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில் சிலுவை போட்டேன். மேலேயும் நாலு சொட்டுத் தெளித்து, அப்பா வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மேல் மூடியில் ஓட்டை கிடையாது. பக்கவாட்டில்தான் உண்டு. அதில் ஒரு சொட்டு வழிந்து இறங்கியிருக்குமோ என்று இத்தனை வருடமாக எத்தனை தடவை மனதுக்குள் அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பேன்!

மறுநாள் காலை அது எழுந்திருக்கவே இல்லை. யாரும் கேட்காமல் நானே சொன்னேன், தீர்த்தம்கூடத் தெளித்தேனே, ஏன் சரியாகவில்லை என்று.

மாமா வந்து பெட்டியைத் திறந்தார். தட்டையாக இருந்த உருளைத் தலைகள் பணியாரம் போலப் புடைத்திருந்தன. இரண்டு மூன்றில் சிலுவை பிளந்து பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. இது ஏன் உப்பியிருக்கிறது என்று கேட்டேன். மாமா போர்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தண்ணி பட்டா உப்பத்தான் செய்யும். வெதநெல்ல ஊறப்போட்டா உப்பலை? மழைக்குக் கதவு உப்பலை? அது மாதிரிதான்." அம்மாவின் பக்கம் திரும்பினார். "தண்ணி பட்ட போர்டைக் கடைக்காரன் மாத்தித் தரமாட்டான்க்கா. பாப்பா இப்படிப் பண்ணிட்டாளே!"

விதைநெல் ஊறினால் உப்பும் என்று தெரியாதவர்கள் எங்கள் ஊரில் யார்? பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். அம்மா போர்டைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பிறகு என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை போனில் அப்பா, "பரவால்லடா பாப்பா" என்றார். அந்தப் பரவாயில்லை என்கிற குரலை என்னால் மறக்க முடிந்ததே இல்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தார். பொங்கலுக்கு முன்பே திரும்பிப் போனார். நான் பத்தாவது முடிக்கும்வரை அப்படியே வந்து வந்து போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை அவரை வழியனுப்பும்போதும், அனுப்புவது நான்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

விருந்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு என் மகளின் படிப்புக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. எங்கள் வசதிக்கு விலை குறைந்த போர்டுதான் முடியும். எதையும் நாலு பேரிடம் கேட்காமல் வாங்குகிற தைரியம் எனக்குக் கிடையாது. வாங்கிய பிறகும் சரியாகத்தான் வாங்கினோமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். ஒரு போர்டுக்கு இவ்வளவா என்று கணவர் அலுத்துக்கொண்டார். நான் இன்டர்நெட்டில் படித்துக்கொண்டே இருந்தேன். விலை குறைவு என்பதாலேயே ஒரு போர்டு கெட்டது ஆகிவிடாது, எந்த இடத்தில் குறைத்தார்கள் என்று பார்க்கவேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். பெட்டியின் மினுக்கையும் கலர் லைட்டையும் விட்டுவிட்டு, கரண்ட் பிரிந்து போகிற இடத்தைப் பாருங்கள், அங்கே நிற்கிற கெபாசிட்டர் என்கிற உருளைகளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, பழைய போர்டு ஒன்றின் படத்தைப் போட்டிருந்தார்.

பணியாரத் தலைகள். பிளந்த சிலுவைகள். எங்கள் கூடத்தில் பார்த்தது அதேதான்.

தண்ணீர் பட்டு அது உப்புவதில்லை. உள்ளே மட்டமான திரவத்தை ஊற்றியிருந்தால், அது சூட்டில் காற்றாகி, உள்ளேயிருந்தே தலையைத் தள்ளிப் புடைக்க வைக்கிறது. சிலுவையும் முத்திரை இல்லை. வெடித்துச் சிதறாமல் அந்த இடத்தில் கிழியட்டும் என்று முன்கூட்டியே கீறி வைப்பது.

அம்மா தூங்குகிற மத்தியான நேரம் என்று தெரிந்தும் போன் போட்டேன்.

"அம்மா, அந்தப் போர்டு தண்ணியால உப்பலம்மா."

எந்தப் போர்டு என்று அம்மா கேட்கவில்லை.

"தெரியும்."

"என்னம்மா தெரியும்?"

"நீ தெளிக்கிறதுக்கு முன்னாடியே உப்பியிருந்துச்சு. தூசி தட்டத் தொறந்தப்பவே பார்த்தேன். உன் மாமாகிட்டயும் சொன்னேன். பட்டுக்கோட்டையில ஒரு ஸ்டுடியோவுக்குப் போட்டுக் குடுத்த கம்ப்யூட்டரும் அப்படித்தான் உப்பிருச்சு, யார்கிட்டயும் சொல்லிராதக்கான்னு அழுதான்."

"அப்புறம் என்னை ஏம்மா அடிச்ச?"

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா அவனை வாசப்படி ஏத்தமாட்டாரு. ஆம்பளை இல்லாத வீடு. ராத்திரி உனக்கு இளைப்பு வந்தா வண்டியில தூக்கிட்டு ஓடுறது யாரு? அவன்தானே? நீ சின்னப்புள்ள, நாலு நாள்ல மறந்துருவேன்னு நெனச்சேன்."

போனை வைத்துவிட்டேன். அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது நான் வைத்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் பயம் வந்து, பிரஷர் மாத்திரை போட்டாயா என்று கேட்க நானே மறுபடி கூப்பிட்டேன்.

அம்மா சொன்ன காரணம் சரிதான். நானும் ஒரு பிள்ளைக்குத் தாய். இளைக்கிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட ஆள் வேண்டும் என்பது எனக்குப் புரியும். ஆனால் காரணம் சரியாக இருப்பதால் என் கோபம் குறையவில்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து அந்தப் பழியை என் தலையில் வைத்தார்கள். ஒருவர் அதை வேடிக்கைக் கதையாக்கி ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். இன்னொருவர், என் மகளின் விருந்தில் அதே பந்தியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு இலையைப் பார்த்தார்.

விருந்து முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் மகள் கேட்டாள், "நிஜமாவாம்மா? நீதான் கெடுத்தியா?"

"இல்லை" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அந்த டிசம்பரில், அப்பா வருவதற்கு முன்னால், பாவத்தை ஃபாதரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். தீர்த்தம் தெளித்துக் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டேன் சாமி, அதனால் எங்கப்பா திரும்பிப் போய்விடுவார் என்று தட்டியின் வழியாகச் சொன்னேன். ஃபாதர் சிரிப்பை அடக்க இருமினார். பரிகாரமாக மூன்று தடவை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்தேன்.

எனக்குப் பின்னால் அம்மா போய் முழங்காலில் நின்றாள். வைக்கோல் பரப்பிப் பாதி கட்டி வைத்திருந்த கிறிஸ்துமஸ் குடிலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அவள் எழுந்திருக்கவில்லை. குடிலுக்கு வாங்கி வைத்திருந்த பொம்மை மாடுகளையெல்லாம் பார்த்துவிட்டு வந்தேன். அப்போதும் தட்டியில் நெற்றியை வைத்தபடியே இருந்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கம்ப்யூட்டரைக் கெடுத்தவள் நான். என் பாவமே அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது. இந்த அம்மாவுக்குச் சொல்ல அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. பசி வேறு.