மதர்போர்டு வாங்கப் போன சனிக்கிழமை

மாமா பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தார். அங்கே அவருக்கு என்ன வேலை என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் மிக்சி ஓடவில்லை என்றால்கூட அவரைத்தான் கேட்போம். அவரும் தெரியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வருடம் அண்ணன் பிளஸ் டூ முடித்திருந்தான். அனிமேஷன் கல்லூரியில் சேர, சொந்தமாகச் செய்த மூன்று நிமிடப் படம் ஒன்றைக் காட்ட வேண்டும். சானமாவுக் காட்டிலிருந்து வழிதவறி ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடும் யானைக்குட்டியின் கதை. வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு நொடிப் படத்தை முடிக்க அரை நாள் பிடித்தது. கடைசித் தேதிக்கு இருந்ததோ நான்கு வாரம். மாமா எங்கிருந்தோ ஒரு நல்ல புராசசரைக் கொண்டுவந்தார். ஓவர்க்ளாக் செய்யலாம் என்றார். அதாவது, அதற்கு விதித்த வேகத்துக்கும் மேலே ஓட்டலாம். அதைத் தாங்குகிற மதர்போர்டும் மெமரியும் வேண்டும். தப்பாக வாங்கினால் கடையில் மாற்றித் தர மாட்டார்கள். படமும் போச்சு, கல்லூரியும் போச்சு.

ஒரு சனிக்கிழமை மதியம் மாமாவும் அண்ணனும் நானும் எங்கள் ஊரான பேரிகையிலிருந்து ஓசூருக்குப் பஸ் ஏறினோம். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் காலை ஷிஃப்ட் முடித்த அம்மா, நீல யூனிஃபார்மோடு நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். எனக்கு ஒன்பது வயது. ரொம்பக் கூச்சமாக இருந்தது. கடைக்காரர் மாமாவிடம் மட்டும் கன்னடத்தில் பேசினார். மாமா கலர் கலராக விளக்கு எரிந்த ஒரு போர்டைக் காட்டினார். எனக்கும் அதுதான் பிடித்தது.

மெமரியிலும் மாமாவின் கண் விளக்கின் மேல்தான். "இந்த லைட் எரியறதுல ஒண்ணே ஒண்ணு பெருசா வாங்கிக்கலாம்டா" என்றார்.

"ஒரே மாதிரி ரெண்டா போட்டாத்தான் வேகம் வரும் மாமா" என்று அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள். "மெமரி எனக்குத் தெரியாதுப்பா. நீ படிச்சிருக்கற, நீ சொல்றதையே வாங்கு" என்றாள்.

ஆனால் போர்டு விஷயத்தில் அவள் விடவில்லை. விளக்குப் போர்டின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "புராசசருக்குக் கரண்டு போற எடம் இதுல சின்னதா இருக்குதுடா. எங்க கம்பெனிக்குச் சூடாயி திரும்பி வர்ற போர்டெல்லாம் இங்கதான் கருகியிருக்கும்."

"அக்கா, இது லேட்டஸ்ட் மாடல்."

"இருக்கட்டும்டா. வேகமா ஓட்டுனா தாங்காது."

அண்ணன் அலமாரியிலிருந்த ஒரு கறுப்புப் போர்டைக் காட்டினான். விளக்கு கிடையாது. அம்மா சொன்ன இடத்தில் மட்டும் சூட்டை இழுத்துக்கொள்ளக் கட்டை கட்டையாக அலுமினியம். ஓவர்க்ளாக் செய்ய விடும் போர்டுதானா என்று போனில் இரண்டு முறை பார்த்துக்கொண்டான். அம்மா தலையசைத்தாள். அதோடு விட்டாளா என்றால் இல்லை. பெட்டியைத் திறக்கச் சொல்லி, புராசசர் உட்கார்கிற இடத்தின் மூடியை எடுக்கச் சொல்லி, டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்து வைத்துப் பார்த்தாள். கத்தரிக்காயில் சொத்தை தேடுவது போல் இருந்தது. எனக்கு மானம் போனது. அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன்.

"ஒரு பின்னு சாஞ்சிருக்குதுங்க. வேற எடுங்க" என்றாள்.

கடைக்காரர் சிரித்தார். பிறகு லென்சை வைத்துப் பார்த்தார், சிரிப்பு நின்றது. வேறு பெட்டி வந்தது. அதன்பின் கன்னடத்தை விட்டுத் தமிழிலும், மாமாவை விட்டு அம்மாவிடமும் பேச ஆரம்பித்தார்.

வீட்டில் எல்லாவற்றையும் மாட்டி முடித்ததும், அண்ணன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். இரண்டு தடவை கம்ப்யூட்டர் உறைந்து நின்றது, கொஞ்சம் குறைத்ததும் ஓடியது. அம்மா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "சூடு எவ்ளோ இருக்குது?" என்பதுதான். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே படம் முடிந்தது. அண்ணனுக்குக் கல்லூரியில் இடமும் கிடைத்தது.

அந்தச் சந்தோஷத்தில் படத்தை வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினான். குட்டி காட்டுக்குத் திரும்பிய பிறகு பெயர்கள் வந்தன. தொழில்நுட்ப ஆலோசனை: மாமா. மாமா இருமிக்கொண்டார். தரச் சோதனை: அம்மா. அவ்வளவுதான். என் பெயர் எங்கேயும் இல்லை. நான் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அந்தக் கடசிய மட்டும் இன்னொருக்கா போடு" என்றாள் அம்மா. போட்டான். மறுபடியும் கேட்டாள். அந்த எழுத்தைப் படிக்க அவளுக்கு நேரமாகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பதினோரு வருடமாக ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் போர்டுகளைச் சரிபார்த்து அனுப்பியவள் அவள், எதிலும் அவள் பெயர் இருந்ததில்லை என்பது, என் பெயர் இல்லையே என்று கோபத்தில் இருந்த எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.